எண்பதாம் கட்டத்தில் ஒரு சோதனை

ஒரு சிறு விளையாட்டோடு தொடங்குவோம். நண்பர் ஒருவரை அடுத்த அறையில் உட்கார வையுங்கள். அவரிடம் ஒரு கட்டத்தாள், உங்களிடம் ஒரு கட்டத்தாள். இரண்டிலும் ஒரு வரிக்கு எட்டுக் கட்டங்கள். உங்கள் தாளில் சில கட்டங்களைக் கறுப்பாக்கி ஒரு வீடு வரையுங்கள். இப்போது வாயால் சொல்லியே அதே வீட்டை அவர் தாளில் வரவழைக்க வேண்டும்.

"மூன்று காலி, இரண்டு கறுப்பு, மூன்று காலி. அடுத்த வரி. இரண்டு காலி, நான்கு கறுப்பு, இரண்டு காலி. அடுத்த வரி..."

முடிந்ததும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நண்பரின் வீட்டில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி இருக்கலாம். ஏன்? எட்டாம் கட்டம் முடிந்ததுமே அவர் தானாக அடுத்த வரிக்கு இறங்கிவிட்டார். நீங்கள் "அடுத்த வரி" என்றதும் இன்னொரு வரி இறங்கினார்.

தவறு யாருடையது? நீங்கள் சொன்னதும் சரி. அவர் செய்ததும் சரி. வரியின் ஓரத்துக்கு வந்தால் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதே தொல்லை 1980களில் கணிப்பொறிகளுக்கு வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகப் படங்களை அனுப்பிய 'புல்லட்டின் போர்டு' என்னும் அறிவிப்புப் பலகைகளில் அது தலைகாட்டியது. அந்தப் படங்களை வரைய உதவும் நிரலை எப்படிச் சோதிப்பது, எப்படிச் சீராக்குவது என்பதே இந்தப் பாடம்.

பனிப்புயலில் பிறந்த பலகை

1978 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் பனிப்புயல் தாக்கியது. வெளியே போக வழியில்லை. வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இரு கணிப்பொறி ஆர்வலர்கள் அந்த நாட்களில் ஒரு புதிய வேலையைத் தொடங்கினார்கள். சங்கத்தின் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் போல, கணிப்பொறியிலேயே ஒரு பலகை வைத்தால் என்ன? உறுப்பினர்கள் தத்தம் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்துச் செய்திகளைப் படிக்கலாம், எழுதியும் வைக்கலாம். 1978 பிப்ரவரி 16 அன்று அந்தப் பலகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதற்கு இருந்தது ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். கணிப்பொறியின் எண்களைத் தொலைபேசியில் செல்லும் ஒலிகளாக மாற்றி அனுப்பவும், வரும் ஒலிகளை மீண்டும் எண்களாக்கவும் 'மோடம்' என்னும் கருவி பயன்பட்டது. தொடக்க நாட்களில் மோடத்தின் வேகம் வினாடிக்கு 300 பிட்டுகள். ஓர் எழுத்துக்கு 8 பிட்டுகள். அதன் முன்னே தொடக்கத்தைக் காட்ட ஒன்று, பின்னே முடிவைக் காட்ட ஒன்று. ஆக 10 பிட்டுகள். எனவே வினாடிக்கு 30 எழுத்துகள்தாம் வந்து சேரும். நாம் வாய்விட்டுப் படிக்கும் வேகத்தைவிட அதிகம்தான்!

இந்த வேகத்தில் புகைப்படங்களை அனுப்புவது நடவாத காரியம். ஆகவே எழுத்துகளைக் கொண்டே படம் வரையும் கலை பலகைகளில் வளர்ந்தது.

கட்டங்களும் எண்களும்

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பீ.சி. கணிப்பொறியின் எழுத்துத் திரையை ஒரு பெரிய கட்டத்தாளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு 80 கட்டங்கள். மொத்தம் 25 வரிகள். 80 × 25 = 2000 கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து.

அந்தக் கணிப்பொறியின் எழுத்து அட்டவணையில் 256 இடங்கள் இருந்தன. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள் போக, படம் வரையத் தோதான குறிகளும் அதில் இருந்தன. எண் 219 என்றால் கட்டம் முழுவதும் நிறைந்த கட்டை (█). எண் 220 என்றால் கீழ்ப்பாதி மட்டும் நிறைந்த கட்டை (▄). எண் 223 என்றால் மேற்பாதி (▀). 176, 177, 178 ஆகியவை மூன்று அளவில் புள்ளியிட்ட நிழல்கள் (░ ▒ ▓).

திரையின் நினைவகத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண், எந்த எழுத்து என்று சொல்லும். இரண்டாம் எண், என்ன நிறம் என்று சொல்லும். எழுத்துக்கு 16 நிறங்கள், பின்புலத்துக்கு 8 நிறங்கள். பின்புல எண்ணை 16ஆல் பெருக்கி எழுத்தின் நிற எண்ணைக் கூட்டினால் இரண்டாம் எண் கிடைக்கும். காட்டாக, பளிச்சென்ற மஞ்சளுக்கு எண் 14, நீலத்துக்கு 1. நீலப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்து என்றால் 1 × 16 + 14 = 30. ஆக ஒரு முழுத் திரை என்பது 4000 எண்கள்.

ஆனால் இந்த 4000 எண்களை அப்படியே கம்பியில் அனுப்பினால் எதிர்முனையில் உள்ள கணிப்பொறிக்குப் புரியாது. அதற்குத் தெரிந்த மொழி வேறு. "சிவப்புக்கு மாறு", "5ஆம் வரி 10ஆம் கட்டத்துக்குப் போ" என்பன போன்ற கட்டளைகளை அது எதிர்பார்க்கிறது. இக்கட்டளைகள் 1979இல் அமெரிக்கத் தர நிறுவனத்தால் முறைப்படுத்தப்பட்டன. அந்நிறுவனத்தின் பெயரால் இவற்றை 'ஆன்சி' கட்டளைகள் என்பார்கள்.

ஒவ்வோர் ஆன்சி கட்டளையும் 27, 91 என்னும் இரண்டு எண்களுடன் தொடங்கும். 27 என்பது 'எஸ்கேப்' குறி. 91 என்பது சதுர அடைப்பு. "சிவப்புக்கு மாறு" என்பதற்கு 27, 91, 51, 49, 109 என்று அனுப்ப வேண்டும். 51, 49 என்பவை 3, 1 என்னும் இலக்கங்களின் குறியீட்டு எண்கள். 109 என்பது 'எம்' என்னும் சிறிய ஆங்கில எழுத்து. அதாவது ஆன்சி மொழியில் எழுத்து நிறம் 31 என்றால் சிவப்பு.

இப்போது வரையும் நிரலின் வேலை விளங்குகிறதல்லவா? 'எடிட்டர்' எனப்படும் அதை இங்கே வரைநிரல் என்போம். அது மூன்று வேலைகளைச் செய்கிறது. பயன்படுத்துபவர் அழுத்தும் விசைகளைக் கேட்டுக் கட்டங்களை நிரப்புகிறது. நிரம்பிய படத்தைக் கட்டளை வரிசையாக எழுதிச் சேமிக்கிறது. சேமித்ததைத் திரும்பப் படித்துத் திரையில் காட்டுகிறது. ஒரு பலகைக்காக அப்படி ஒரு வரைநிரலை நாமே எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்ப்போம்.

முதல் சோதனை: சேமி, அழி, மீட்டு வா

ஒரு படம் வரைகிறோம். சேமிக்கிறோம். திரையை அழிக்கிறோம். சேமித்ததை மீட்டுக் கொண்டுவருகிறோம். பழைய 4000 எண்களும் புதிய 4000 எண்களும் ஒன்றா என்று பார்க்கிறோம். கண்ணால் பார்த்தால் போதாது. 4000இல் ஓர் எண் மாறியிருந்தால் கண் அதை விட்டுவிடும். ஒப்பிடும் வேலையையும் கணிப்பொறியிடமே கொடுக்க வேண்டும்.

நம் வரைநிரல் இந்தச் சோதனையில் தேறிவிட்டது. 4000க்கு 4000! பலகையில் ஏற்றிவிடலாமா? பொறுங்கள். பலகையை அழைத்துப் பார்த்த ஒருவர் செய்தி எழுதியிருக்கிறார்: "படம் அழகாக இருக்கிறது. ஆனால் சூரியன் ஏன் நீலமாக இருக்கிறது?"

இரண்டாம் சோதனை: விகடகவி நிறங்கள்

கோளாறு எங்கே? நிறங்களுக்கு ஐ.பி.எம். வைத்த எண்களும் ஆன்சி வைத்த எண்களும் வேறு வேறு.

ஐ.பி.எம். முறை: 0 கறுப்பு, 1 நீலம், 2 பச்சை, 3 வெளிர்நீலம், 4 சிவப்பு, 5 கருஞ்சிவப்பு, 6 பழுப்பு, 7 வெண்சாம்பல்.

ஆன்சி முறை: 0 கறுப்பு, 1 சிவப்பு, 2 பச்சை, 3 மஞ்சள் (ஐ.பி.எம். திரையில் இது பழுப்பு), 4 நீலம், 5 கருஞ்சிவப்பு, 6 வெளிர்நீலம், 7 வெள்ளை.

நம் வரைநிரலோ ஐ.பி.எம். எண்ணுடன் 30ஐக் கூட்டி அப்படியே அனுப்பிவிட்டது. சிவப்பு 4, அதனுடன் 30 கூட்டினால் 34. ஆன்சி மொழியில் 34 என்றால் நீலம்!

அப்படியானால் முதல் சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை? மீட்டு வரும்போது அதே வரைநிரல் 34இலிருந்து 30ஐக் கழித்து மீண்டும் 4 ஆக்கிக்கொண்டது. போகும்போது செய்த தவறை வரும்போது எதிர்த்திசையில் செய்ததால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அது நிரலுக்கும் பொருந்தும். ஒரு நிரல் எழுதியதை அதுவே படித்துப் பார்ப்பது அரைச் சோதனைதான். வேறொருவர் எழுதிய நிரலும் அதைப் படித்து அதே படத்தைக் காட்ட வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பச்சை மரமும் வெள்ளை வீடும் மட்டும் வரைந்து பார்த்திருந்தால் எதிர்முனையிலும் இந்தப் பிழை தெரிந்திராது. பச்சை இரு முறைகளிலும் 2. கருஞ்சிவப்பு இரண்டிலும் 5. கறுப்பு 0, வெள்ளை 7. இவை மட்டும் தப்பிப்பது எப்படி? இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்.

0 = 000
1 = 001
2 = 010
3 = 011
4 = 100
5 = 101
6 = 110
7 = 111

1ஐத் திருப்பிப் படித்தால் 100, அதாவது 4. 3ஐத் திருப்பினால் 6. ஆனால் 010, 101, 000, 111 ஆகியவை எப்பக்கம் படித்தாலும் ஒன்றே. 'விகடகவி' என்ற சொல்லைப் போல! ஐ.பி.எம்.முக்கும் ஆன்சிக்கும் உள்ள வேறுபாடு, மூன்று பிட்டுகளின் வரிசை தலைகீழாக இருப்பதுதான். விகடகவி எண்கள் நான்கும் பிழையை மறைத்துவிடுகின்றன.

ஆகவே சோதனைக்கு எடுக்கும் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பிழையைக் காட்டிக்கொடுப்பதாக இருக்க வேண்டும். 16 எழுத்து நிறங்கள், 8 பின்புலங்கள், ஆக 128 சேர்க்கைகள். 16 வரிகளில் எட்டெட்டாக அவை அனைத்தையும் எழுதிய ஓர் அட்டையே நல்ல சோதனைப் படம்.

மூன்றாம் சோதனை: படமா, கட்டளையா?

ஐ.பி.எம். அட்டவணையில் 1ஆம் எண்ணுக்குச் சிரித்த முகம், 3ஆம் எண்ணுக்கு இதயம், 7ஆம் எண்ணுக்கு உருண்டைப் புள்ளி, 13ஆம் எண்ணுக்கு ஓர் இசைக்குறி. வரைபவர் ஆசையோடு இவற்றைப் படத்தில் வைக்கலாம். அவருடைய திரையில் நன்றாகவே தெரியும்.

கம்பியில் போகும்போது கதை மாறும். எழுத்துகளை அனுப்பும் முறையில் 0 முதல் 31 வரை உள்ள எண்கள் கட்டளைகள். 7 என்றால் "மணி அடி". 13 என்றால் "வரியின் தொடக்கத்துக்குப் போ". 10 என்றால் "ஒரு வரி இறங்கு". ஏழு உருண்டைகள் வைத்து மாலை வரைந்தால் அழைத்தவர் வீட்டில் ஏழு முறை மணி ஒலிக்கும்! இசைக்குறியை வைத்தால் பின்னால் வரும் எழுத்துகள் வரியின் தொடக்கத்தில் போய் ஏறிக்கொள்ளும்.

எனவே 256 எண்களையும் ஒவ்வொன்றாக வைத்துச் சோதிக்க வேண்டும். சீர்திருத்தம் எளிது: பலகைக்கான படத்தில் 32க்குக் குறைந்த எண்களை வைக்க வரைநிரல் இடம் தரக்கூடாது. வரைபவருக்கு அந்த நேரத்தில் சற்று ஏமாற்றம். ஆனால் அனுப்பிய பிறகு அறிவதைவிட அது மேல்.

நான்காம் சோதனை: எண்பதாம் கட்டம்

இப்போது நம் கட்டத்தாள் விளையாட்டுக்குத் திரும்புவோம். 80 கட்டங்களும் நிறைந்த ஒரு வரியை அனுப்புகிறோம். பிறகு 13, 10 என்று அனுப்பி அடுத்த வரிக்குப் போகச் சொல்கிறோம். அழைப்பவர்களின் கணிப்பொறிகள் இரண்டு வகை.

முதல் வகை, 80ஆம் கட்டத்தில் எழுதியவுடனேயே அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஐ.பி.எம். பீ.சி.யின் வழக்கம் இது. அங்கே நம் 13, 10 இன்னொரு வரி இறக்கிவிடும். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வெற்று வரி. 24 வரிப் படம் 48 வரியாகி, மேல்பாதி திரையை விட்டே ஓடிவிடும்.

இரண்டாம் வகை, 80ஆம் கட்டத்தில் எழுதிவிட்டு அங்கேயே காத்திருக்கும். அடுத்த எழுத்து வந்தால்தான் வரி மாறும். 1978இல் வந்த விடி100 என்னும் முனையம் இவ்வகை. இதில் நம் படம் சரியாகவே தெரியும்.

வரைநிரலை எழுதியவரிடம் இரண்டாம் வகை இருந்தால் பிழை அவர் கண்ணில் படவே படாது. "என்னிடம் சரியாக வருகிறதே!" என்று அவர் சொல்வது உண்மைதான், அழைத்தவர் குறைகூறுவதும் உண்மைதான்.

என்ன செய்யலாம்? வரி முழுவதும் நிறைந்திருந்தால் 13, 10 அனுப்பாமல் விட்டுவிடலாம். முதல் வகை தானாகத் தாவும். இரண்டாம் வகை அடுத்த எழுத்து வந்ததும் தாவும். இரண்டிலும் படம் ஒழுங்காக விழுகிறது. இந்தத் தீர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

வேகம் கூட்டுவோம்

பிழைகள் தீர்ந்தன. ஆனால் பலகையை அழைத்தவர்கள் இப்போது வேறு குறை சொல்கிறார்கள்: "படம் ஆமை வேகத்தில் வருகிறது." ஒரே இணைப்புள்ள பலகையில் ஒருவர் படத்துக்காகக் காத்திருந்தால் மற்றவர் உள்ளே வர முடியாது. வெளியூரிலிருந்து அழைப்பவருக்கோ ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம். ஆகவே இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. மற்றவர்களின் நேரமும் பணமும் இதில் அடங்கியிருக்கின்றன.

கணக்குப் போடுவோம். நம் வரைநிரல் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் முழு நிறக் கட்டளையை அனுப்புகிறது. காட்டாக 27, 91, 48, 59, 51, 51, 59, 52, 52, 109. எண்ணிப் பாருங்கள், பத்து எண்கள். அதன் பிறகு எழுத்து ஒன்று. ஆகக் கட்டத்துக்கு 11. முழுத் திரைக்கு 2000 × 11 = 22,000. மோடத்தின் வேகம் வினாடிக்கு 2400 பிட்டுகளாக உயர்ந்த பிறகும், வினாடிக்கு 240 எழுத்துகள்தாம். 22,000 ÷ 240 = ஏறத்தாழ 92 வினாடி. நிறமே இல்லாமல் 2000 எழுத்துகளை மட்டும் அனுப்பினால் 8 வினாடிக்குச் சற்று மேல்.

முதல் சிக்கனம்: நிறம் மாறும்போது மட்டும் கட்டளை அனுப்புவோம். ஒரே நீலத்தில் நாற்பது கட்டங்கள் இருந்தால் ஒரு தடவை சொன்னால் போதுமே!

இரண்டாம் சிக்கனம்: வெற்றிடங்களைத் தாண்டுவோம். நாற்பது வெற்றிடங்களுக்கு நாற்பது எண்கள் அனுப்புவதற்குப் பதில் 27, 91, 52, 48, 67 என்று ஐந்தே எண்கள். "நாற்பது கட்டம் வலப்பக்கம் போ" என்பது இதன் பொருள். 35 எண்கள் மிச்சம்.

மூன்று வெற்றிடங்களுக்கு இது லாபமா? தாண்டும் கட்டளைக்கு நான்கு எண்கள் வேண்டும், எனவே நஷ்டம். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால்தான் லாபம். இதையும் வரைநிரலுக்குச் சொல்லிவைப்போம்.

சீர்திருத்தத்தில் புகுந்த பிழைகள்

படம் இப்போது விரைந்து வருகிறது. மகிழ்ச்சியோடு பலகையில் ஏற்றுகிறோம். மறுநாள் மூன்று புகார்கள்.

முதல் புகார்: "நீல வானில் ஒரு விண்மீன். அதற்கு வலப்பக்கம் வானம் கறுத்துவிட்டது." காரணத்தைப் பாருங்கள். விண்மீன் பளிச்சென்ற வெள்ளை. அடுத்த கட்டத்துக்குப் பளிச்சை அணைக்க வேண்டும். அதற்கு வரைநிரல் 0 என்னும் கட்டளையை அனுப்பியது. ஆனால் 0 என்றால் "எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவா" என்று பொருள். பளிச்சோடு பின்புல நீலமும் போய்விட்டது. வரைநிரலோ, "பின்புலம் மாறவில்லையே, மறுபடி ஏன் சொல்ல வேண்டும்?" என்று இருந்துவிட்டது. பழைய வரைநிரலில் இந்தப் பிழை இல்லை. சிக்கனம் செய்தபோது நாமே புகுத்தியது.

இரண்டாம் புகார்: "படத்தின் நடுவே முன்பு படித்த செய்தியின் எழுத்துகள் தெரிகின்றன." தாண்டுவது வேறு, அழிப்பது வேறு. திரை காலியாக இருந்தால் தாண்டலாம். திரையில் ஏற்கனவே எழுத்து இருந்தால் வெற்றிடத்தை எழுதித்தான் அதை மறைக்க முடியும். நாம் எப்போதும் காலித் திரையிலேயே சோதித்ததால் இது தெரியவில்லை. இனி, திரை முழுவதும் # குறிகளை நிரப்பிவிட்டு அதன் மேல் படத்தை வரவழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு # மிஞ்சினாலும் பிழை.

மூன்றாம் புகார் விடி100 வைத்திருப்பவரிடமிருந்து: "இரண்டாம் வரி முதல் வரியின் ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது." நினைவில் வைக்கச் சொன்ன தீர்வு இங்கேதான் வருகிறது. முதல் வரி 80 கட்டமும் நிறைந்தது. ஆகவே 13, 10 அனுப்பவில்லை. இரண்டாம் வரி வெற்றிடங்களில் தொடங்குகிறது. ஆகவே தாண்டும் கட்டளை அனுப்பினோம். ஆனால் இரண்டாம் வகைத் திரை 80ஆம் கட்டத்திலேயே ஓர் எழுத்துக்காகக் காத்திருக்கிறது. வந்தது எழுத்தன்று, "வலப்பக்கம் போ" என்னும் கட்டளை. வலப்பக்கம் இடம் ஏது? அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு சீர்திருத்தங்களும் தனித்தனியே சரியானவை. சேர்ந்தபோது பிழை பிறந்தது. இதனால்தான் நிரலில் ஓர் இடத்தைத் தொட்டாலும் பழைய சோதனைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்த வேண்டும் என்பார்கள். முன்பு தேறியதே என்று எதையும் விட்டுவிடக் கூடாது.

இப்போது நிலையான தீர்வு ஒன்று காண்போம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் "இன்ன வரி, முதல் கட்டத்துக்குப் போ" என்று நேராகச் சொல்லிவிடுவோம். இரண்டாம் வரிக்கு 27, 91, 50, 59, 49, 72. திரை எங்கே காத்திருந்தாலும் சரி, தாவியிருந்தாலும் சரி, உரிய இடத்துக்கு வந்துவிடும். செலவு? 1 முதல் 9 வரையுள்ள வரிகளுக்கு ஆறாறு எண்கள். 10 முதல் 24 வரை ஏழேழு. 54 + 105 = 159. வினாடிக்கு 240 என்னும் வேகத்தில் முக்கால் வினாடிகூட ஆகாது.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. திரையை விட நீளமான படங்களுக்கு இது உதவாது. 40ஆம் வரி திரையில் இல்லையே! அத்தகைய படங்களை வரைந்தவர்கள் 79 கட்டங்களோடு வரியை முடித்து 13, 10 அனுப்பும் வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். எண்பதாம் கட்டத்தைத் தொடாவிட்டால் சண்டையே இல்லை. அதுபோலவே கடைசி வரியின் கடைசிக் கட்டத்தையும் காலியாக விடுவது நல்லது; முதல் வகைக் கணிப்பொறியில் அங்கே எழுதினால் திரை முழுவதும் ஒரு வரி மேலே தள்ளப்பட்டுவிடும். பலருடைய திரையில் 25ஆம் வரி நேரம் முதலியவற்றைக் காட்டப் பயன்பட்டதால், 24 வரிகளோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

நல்ல புகார் எது?

"உங்கள் நிரல் சரியில்லை" என்று எழுதினால் யாராலும் திருத்த முடியாது. சோதிப்பவர் நான்கு செய்திகளைத் தர வேண்டும்: என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, என்ன கருவியில் பார்த்தேன். பிறகு படத்தைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். 24 வரிப் படத்தில் பிழை என்றால், பாதியை நீக்கினாலும் வருகிறதா? இன்னும் பாதி? கடைசியில் "நிறைந்த வரி ஒன்று, அதன் கீழே வெற்றிடத்தில் தொடங்கும் வரி ஒன்று" என்று இரண்டே வரிகள் மிஞ்சும். அந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடித்தவர் பாதிப் பிழையைத் திருத்திவிட்டார் என்றே சொல்லலாம்.

இன்றும் இது ஏன் வேண்டும்?

1990களின் நடுவில் இணையம் பரவியதும் தொலைபேசிப் பலகைகள் குறைந்தன. ஆனால் 27, 91 என்று தொடங்கும் கட்டளைகள் மறையவில்லை. இன்றைய கணிப்பொறிகளின் கட்டளைச் சாளரங்களிலும் அவை வேலை செய்கின்றன.

எழுத்து அட்டவணைச் சிக்கலையும் தமிழர்களாகிய நாம் நன்கு அறிவோம். ஐ.பி.எம். அட்டவணையில் 219 என்றால் நிறைந்த கட்டை. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான வேறோர் அட்டவணையில் அதே 219, தொப்பி போட்ட 'யூ' எழுத்து. பழைய படத்தை அந்த அட்டவணையோடு திறந்தால் சுவர் முழுவதும் தொப்பி யூக்கள்! தமிழ் எழுத்துருக்களும் முன்பு ஆளுக்கோர் எண் வைத்திருந்தன. ஒருவர் தட்டெழுதி அனுப்பிய கடிதம் மற்றவரிடம் குப்பையாகத் தெரிந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு அட்டவணை 1991இல் வெளிவந்தபோது தமிழும் அதில் இடம்பெற்றது. அதில் 'அ' எழுத்தின் எண் 2949. நிறைந்த கட்டையின் எண் 9608. பொது அட்டவணை பரவிய பிறகே எண்கள் ஒத்துப்போயின.

ஆக, வரைநிரல் கற்றுத்தரும் பாடம் ஒன்றுதான். நம் திரையில் தெரிவது படம் அன்று, படத்தின் ஒரு பிரதி மட்டுமே. கம்பியில் போவது செய்முறைக் குறிப்பு. அந்தக் குறிப்பைப் படித்து, நம்மை அறியாத ஒருவர், நம்மிடம் இல்லாத ஒரு கருவியில், அதே படத்தைப் பெற வேண்டும். அவர் பக்கம் போய் நின்று பார்ப்பதற்குத்தான் சோதனை என்று பெயர்.

செய்து பாருங்கள்

8 × 8 கட்டத்தாள்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாணவர் படம் வரைந்து, அதைக் குறிப்பாக எழுதட்டும்: க3 என்றால் மூன்று கறுப்பு, தா2 என்றால் இரண்டு கட்டம் தாண்டு, வ என்றால் அடுத்த வரி. குறிப்பை மட்டும் இரண்டு மாணவர்களிடம் கொடுங்கள். ஒருவர் எட்டாம் கட்டம் முடிந்ததும் உடனே வரி மாறுபவர், மற்றவர் காத்திருப்பவர். மூன்று படங்களும் ஒன்றாக வரும்வரை குறிப்பின் விதிகளைத் திருத்துங்கள். பிறகு, எழுத்துகள் குறைந்த குறிப்பை யார் எழுதுகிறார் என்று போட்டி வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முதல் படத்தை மறுபடி சோதிக்க மறவாதீர்கள்.

கேள்விகள்

1. வினாடிக்கு 1200 பிட்டு வேகத்தில் 2000 எழுத்துகள் வர எவ்வளவு நேரம் ஆகும்?

2. ஐ.பி.எம். முறையில் வெண்சாம்பல் பின்புலத்தில் சிவப்பு எழுத்துக்கு நிற எண் என்ன?

3. நிற எண்ணுடன் 30ஐ மட்டும் கூட்டும் பிழையுள்ள வரைநிரலில் பழுப்பு மரம் என்ன நிறமாகத் தெரியும்?

விடைகள்: 1. வினாடிக்கு 120 எழுத்துகள். எனவே ஏறத்தாழ 17 வினாடி. 2. 7 × 16 + 4 = 116. 3. பழுப்பு 6; 30 கூட்டினால் 36; ஆன்சியில் அது வெளிர்நீலம்.